அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதிகளின் முடிவுகளை எடைபோடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றியும் (1861–1865), அதைத் தொடர்ந்து மேற்குச் சமவெளிகளில் பூர்வகுடிகள் மீது நடத்தப்பட்ட போர்களைப் பற்றியும் பேச நேரும் இடங்களிலெல்லாம், கஸ்டர் முட்டாளா, ஸ்டூவர்ட்தான் லீயைத் தோற்கடித்தாரா என்பன போன்ற கேள்விகள் தவறாமல் எழுகின்றன. பலருக்கும் தனித்தனியே சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். படிக்க எளிதாக இருக்கும் என்பதால், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன மாநிலங்களின் படையைத் தென்படை என்றும், ஒன்றிய அரசின் படையை வடபடை என்றும் குறிப்பிடுகிறேன். லீ தென்படையின் தளபதி, ஸ்டூவர்ட் அவருடைய குதிரைப்படைத் தலைவர்; கஸ்டர் வடபடையில் இருந்தவர்.

குதிரைப்படை என்றால் வாளை உருவிக்கொண்டு பாய்வதுதானே? அதில் யோசித்து முடிவெடுக்க என்ன இருக்கிறது?

அத்தகைய பாய்ச்சல்கள் நடந்தது உண்மைதான் என்றாலும், குதிரைப்படையின் அன்றாட வேலையில் அவற்றின் பங்கு மிகச் சிறியது. எதிரி எங்கே இருக்கிறான், எத்தனை பேருடன் எந்தப் பக்கம் நகர்கிறான் என்று கண்டறிந்து சொல்வதும், தன் படையின் நடமாட்டம் எதிரியின் கண்ணில் படாமல் மறைப்பதும், ரயில் பாதைகளையும் தந்திக் கம்பிகளையும் அறுப்பதும், முதன்மைப் படை வந்து சேரும் வரை ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருப்பதும்தான் அதன் முக்கியப் பணிகள். சண்டை என்று வந்தால் பெரும்பாலும் குதிரையை விட்டு இறங்கித் தரையில் நின்றே சுட்டார்கள்.

அப்படி இறங்கியதும் ஒரு கணக்கு குறுக்கே வந்து நிற்கும். நால்வரில் ஒருவர் நான்கு குதிரைகளின் கடிவாளங்களையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். ஆகவே 1,000 பேர் கொண்ட படையில் சுடுவதற்கு மிஞ்சுவோர் 750 பேர்தான். குதிரைக்குத் தீனியும் ஓய்வும் வேண்டும். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 14 பவுண்டு உலர்புல்லும் 12 பவுண்டு தானியமும் என்பது ராணுவம் வகுத்திருந்த அளவு. தொலைதூரப் பயணத்தில் அந்த அளவு கிடைப்பது அரிது. எவ்வளவு தூரம் ஓட்டலாம், எங்கே நிறுத்தி மேயவிடலாம், களைத்த குதிரைகளை என்ன செய்யலாம் என்பவையெல்லாம் தளபதி எடுக்க வேண்டிய முடிவுகள். ஸ்டூவர்ட், கஸ்டர் இருவரைப் பற்றிய பதில்களிலும் இது மீண்டும் வரும்.

வென்றால் சரியான முடிவு, தோற்றால் தவறான முடிவு. அவ்வளவுதானே?

இப்படி எடைபோடுவதைத்தான் நான் முதன்மையாக மறுக்கிறேன். சண்டையின் முடிவு நமக்குத் தெரியும். சேணத்தில் அமர்ந்திருந்தவருக்குத் தெரியாது. அந்த நாளில், அந்த நேரத்தில், அவர் கையில் என்ன உத்தரவு இருந்தது, என்ன செய்தி வந்து சேர்ந்திருந்தது, எந்த நிலத்தில் நின்றார் என்பவற்றை வைத்துத்தான் அவருடைய முடிவை மதிப்பிட வேண்டும். மோசமான முடிவெடுத்தும் அதிர்ஷ்டத்தால் தப்பியவர்கள் உண்டு. சரியான முடிவெடுத்தும் மாண்டவர்கள் உண்டு.

ஆனால் ‘அவருக்குத் தெரியாது’ என்பதை எல்லாவற்றுக்கும் சாக்காகச் சொல்லவும் முடியாது. குதிரைப்படையின் வேலையே தெரிந்துகொள்வதுதான். தெரிந்துகொள்ள வழி இருந்தும் ஒருவர் அதைத் தேடவில்லை என்றாலோ, தன் சாரணர்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றாலோ, அந்த அறியாமையும் அவருடைய முடிவில் சேர்ந்ததே.

நல்ல முடிவு என்று நீங்கள் கருதும் ஒன்றைச் சொல்லுங்கள்.

1863 ஜூன் 30 அன்று பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் ஊருக்கு வந்து சேர்ந்த வடபடைத் தளபதி ஜான் பியூஃபோர்டின் முடிவை முதலில் சொல்வேன். அவரிடம் இரண்டு பிரிகேடுகளாக 3,000 பேருக்கும் குறைவான வீரர்களும் ஆறு பீரங்கிகளும் இருந்தன. தென்படையின் பெரும்பகுதி மேற்கிலும் வடக்கிலும் இருந்து அந்த ஊரை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. ஊருக்குத் தெற்கே உயர்ந்த குன்றுகள் உண்டு. மேற்கே அடுத்தடுத்துத் தாழ்வான மேடுகள் உண்டு. தெற்கு உயரங்கள் தன் படைக்குக் கிடைக்க வேண்டுமானால், மேற்கு மேடுகளில் ஒவ்வொன்றாக நின்று எதிரியின் நேரத்தை விழுங்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டார்.

அன்றிரவு அவருடைய பிரிகேட் தளபதிகளில் ஒருவரான டெவின், யார் வந்தாலும் 24 மணி நேரம் தடுத்து நிறுத்துவேன் என்று சொன்னபோது, பியூஃபோர்ட் அதை ஏற்கவில்லை. காலையில் அவர்கள் பெருந்திரளாக வருவார்கள், காலாட்படை வந்து சேரும் வரை நாம் பேயாகப் போராட வேண்டியிருக்கும் என்றார். உடனிருந்த சமிக்ஞை அதிகாரி பின்னாளில் பதிவு செய்த செய்தி இது. மறுநாள் காலை ஏறத்தாழ ஏழரை மணிக்கு முதல் குண்டு வெடித்தது. தென்படைத் தளபதி ஹெத்தின் டிவிஷனில் 7,000 பேர் இருந்தும், தம் எதிரே இருப்பது எவ்வளவு பெரிய படை என்று தெரியாததால், அவர்கள் அணிவகுத்து மெல்ல முன்னேற வேண்டியதாயிற்று. பத்து மணியளவில் வடபடைத் தளபதி ரெனால்ட்ஸின் காலாட்படை வந்து சேர்ந்தது. அன்று மாலை வடபடை ஊரை இழந்து பின்வாங்கியபோது, பியூஃபோர்ட் மனத்தில் வைத்திருந்த அந்தத் தெற்குக் குன்றுகள்தான் அதற்குப் புகலிடமாயின.

நான் இதில் மதிப்பது துணிச்சலைவிட அளவறிந்த தன்மையை. வெல்ல முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வாங்க நினைத்தது இரண்டு மூன்று மணி நேரம் மட்டுமே. அதற்கான உதவி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதையும் அறிந்திருந்தார்.

பியூஃபோர்டின் ஆட்களிடம் தொடர்ந்து சுடும் துப்பாக்கி இருந்ததால்தானே தாக்குப்பிடித்தார்கள்?

இல்லை. அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரு குண்டு போடும் கார்பைன்கள் என்ற குட்டைத் துப்பாக்கிகள். அவற்றைப் பின்புறமாக நிரப்பலாம் என்பதால், வேலிக்குப் பின்னால் குனிந்தபடியே விரைவாக நிரப்ப முடிந்தது. அந்தச் சிறிய வசதிதான் உண்மை. கெட்டிஸ்பர்க்கில் ஸ்பென்சர் தொடர்சுடு துப்பாக்கிகளை வைத்திருந்தவர்கள் கஸ்டரின் மிச்சிகன் பிரிகேடில் ஒரு பகுதியினர். அவர்கள் அன்று காலை அந்த மேடுகளில் இல்லை.

ஸ்டூவர்ட் ஊர் சுற்றப் போனதால்தான் லீ கெட்டிஸ்பர்க்கில் தோற்றார் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. தென்படையின் குதிரைப்படைத் தலைவர் ஜெப் ஸ்டூவர்ட் 1862 ஜூனில் சுமார் 1,200 பேருடன் வடபடைத் தளபதி மெக்லெல்லனின் படையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து புகழ் பெற்றவர். 1863 ஜூன் 22, 23 ஆகிய நாள்களில் லீ அவருக்கு எழுதிய உத்தரவுகள், எதிரியின் படையைச் சுற்றிக் கடந்து போக அவருக்கு இடம் கொடுத்தன. ஆனால் ‘தடையில்லாமல் போக முடியுமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்’ என்ற பொருளில் ஒரு நிபந்தனையும் அதில் இருந்தது. போட்டோமாக் ஆற்றைக் கடந்த பின் தென்படைத் தளபதி யூவலின் வலப்பக்கத்தோடு சேர்ந்துகொண்டு செய்தி திரட்ட வேண்டும் என்ற கட்டளையும் இருந்தது.

ஜூன் 25 அன்று மூன்று பிரிகேடுகளுடன் புறப்பட்ட ஸ்டூவர்ட், ஹேமார்க்கெட் அருகே வடபடைத் தளபதி ஹேன்காக்கின் காலாட்படை சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வடக்கே நகர்வதைக் கண்டார். லீ சொன்ன தடை இதுதான். அவர் சற்றுப் பின்வாங்கிக் குதிரைகளை மேயவிட்டார். பிறகு திரும்பிப் போகாமல் இன்னும் பெரிய வட்டமாகச் சுற்றிப் போவது என்று தீர்மானித்தார். என் கருத்தில் அவருடைய தவறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஜூன் 28 அன்று ராக்வில் அருகே வடபடையின் 125 சரக்கு வண்டிகளைக் கைப்பற்றி, அவற்றையும் உடன் இழுத்துக்கொண்டு போனது அடுத்த தவறு; வேகத்தையே நம்பியிருந்த படை கோவேறு கழுதைகளின் நடைக்கு இறங்கியது. வழியில் வெஸ்ட்மின்ஸ்டரிலும் ஹானோவரிலும் சண்டையிட்டு, ஜூலை 1 மாலை கார்லைல் ஊரைக் குண்டு வீசித் தாக்கிக்கொண்டிருந்தபோதுதான் லீ எங்கே இருக்கிறார் என்பதே அவருக்குத் தெரிந்தது. ஜூலை 2 பிற்பகலில் அவர் லீயிடம் போய்ச் சேர்ந்தார்.

மற்றப் பாதியைப் பலரும் சொல்வதில்லை. ராபர்ட்சன், ஜோன்ஸ் ஆகியோரின் இரண்டு பிரிகேடுகளை ஸ்டூவர்ட் லீயின் பக்கம் விட்டுச் சென்றிருந்தார். வடபடை ஆற்றைக் கடந்து போன பிறகும் ராபர்ட்சன் மலைக் கணவாய்களிலேயே இருந்துவிட்டார். லீயும் அவரை உரிய நேரத்தில் அழைக்கவில்லை. ஜூன் 28 இரவு, ஹாரிசன் என்ற ஒற்றன் வந்து சொன்ன பிறகே வடபடை இருக்கும் இடம் லீக்குத் தெரிந்தது. ஆகவே லீ குருடானதற்கு ஸ்டூவர்ட் பெரும் பொறுப்பு, ராபர்ட்சன் ஒரு பங்கு, இரு வகையாகவும் படிக்கத்தக்க உத்தரவை எழுதிய லீ ஒரு பங்கு. ஜூலை 2, 3 நாள்களில் அந்தக் குன்றுகள் மீது தாக்கியது லீயின் சொந்த முடிவு. அப்போது எதிரி எங்கே இருக்கிறான் என்பது அவர் கண்ணெதிரிலேயே இருந்தது.

அப்படியென்றால் எதிரியின் நாட்டுக்குள் ஊடுருவிப் போவதே தவறா?

தவறில்லை. வடபடையின் பெஞ்சமின் கிரியர்சன் 1863 ஏப்ரல் 17 அன்று டென்னசியின் லா கிரேஞ்சிலிருந்து 1,700 பேருடன் புறப்பட்டு, மிசிசிப்பி மாநிலத்தை ஊடறுத்து, மே 2 அன்று பேட்டன் ரூஜ் போய்ச் சேர்ந்தார். 16 நாள்களில் ஏறத்தாழ 600 மைல். போருக்கு முன் இசை ஆசிரியராக இருந்தவர் அவர். சிறு வயதில் குதிரை உதைத்ததால் குதிரைகள் மீதே அவருக்கு விருப்பம் இருந்ததில்லை. அவருடைய பயணத்துக்கு ஒரே நோக்கம்: வடபடைத் தளபதி கிராண்ட், மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும்போது எதிரியின் கவனம் வேறு பக்கம் இருக்க வேண்டும். கிராண்ட் ஏப்ரல் 30 அன்று கடந்தார்.

அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதைப் பாருங்கள். நான்காம் நாளே நோயாளிகளும் நொண்டிக் குதிரைகளுமாகச் சுமார் 175 பேரைத் திருப்பி அனுப்பினார். தடத்தைப் பார்ப்பவர்கள் படை முழுவதும் திரும்பிவிட்டது என்று நினைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மறுநாள் ஹேட்ச்சின் அயோவா ரெஜிமென்ட்டையும் பிரித்து அனுப்பினார். அவர்களிடம் இருந்த ஒரே பீரங்கியைச் சாலையில் நான்கு இடங்களில் திருப்பி ஓட்டி, நான்கு பீரங்கிகள் போனது போலச் சக்கரத் தடம் பதித்தார்கள். தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்து அவர் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டார். 125 வண்டிகளை விட மனமில்லாத ஸ்டூவர்ட் செய்தது இதற்கு நேர்மாறு.

ஷெரிடனும் 1864இல் ஸ்டூவர்ட்டைப் போலத்தானே செய்தார்? அவரை ஏன் யாரும் குறை சொல்வதில்லை?

நியாயமான கேள்வி. 1864 மே 9 அன்று வடபடையின் குதிரைப்படைத் தலைவர் பிலிப் ஷெரிடன் சுமார் 10,000 குதிரை வீரர்களுடன் தென்மாநிலங்களின் தலைநகரான ரிச்மண்டை நோக்கிப் போனார். மே 24 அன்றுதான் திரும்பிச் சேர்ந்தார். இடையில் ஸ்பாட்சில்வேனியாவில் கடும் சண்டை நடந்தது. கிராண்டிடம் வேவு பார்க்கப் போதிய குதிரைப்படை இல்லை. லீயோ தம் குதிரைப்படையில் ஒரு பகுதியை உடன் வைத்திருந்தார். மே 11 அன்று யெல்லோ டேவர்னில் ஸ்டூவர்ட் படுகாயமுற்று மறுநாள் இறந்ததால், ஷெரிடனின் பயணம் வெற்றி என்று பெயர் வாங்கிவிட்டது.

ஒரு வேறுபாட்டைச் சொல்லத்தான் வேண்டும்: ஷெரிடன் கிராண்டின் தெளிவான ஒப்புதலோடு போனார், ஆகவே பொறுப்பு இருவருக்கும் உண்டு. ஆனாலும் படையின் கண்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது என்ற குற்றம் ஸ்டூவர்ட், ஷெரிடன் இருவர் மீதும் ஒன்றே. ஓராண்டுக்கு முன் சான்சலர்ஸ்வில் சண்டையில் வடபடைத் தளபதி ஹூக்கரும் ஸ்டோன்மனைப் பெரும்பகுதிக் குதிரைப்படையோடு தொலைவுக்கு அனுப்பிவிட்டு, தன்னிடம் ஒரு சிறு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். மே 2 அன்று தென்படைத் தளபதி ஜாக்சன் அவருடைய வலப்பக்கத்தைச் சுற்றி வந்து அடித்தார்.

மேலதிகாரி பைத்தியக்காரத்தனமான உத்தரவு போட்டால், கீழே இருப்பவர் என்ன செய்ய முடியும்?

எலன் ஃபார்ன்ஸ்வொர்த்தின் கதை இந்தக் கேள்விக்குள் அப்படியே அடங்கும். வடபடையில் கேப்டனாக இருந்தவர் 1863 ஜூன் 29 அன்று ஒரே தாவலில் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். ஜூலை 3 மாலை, கெட்டிஸ்பர்க்கில் தென்படைத் தளபதி பிக்கெட்டின் தாக்குதல் தோற்ற பிறகு, பாறைகளும் கல்வேலிகளும் நிறைந்த நிலத்தில் காலாட்படையை எதிர்த்துக் குதிரையில் பாயும்படி மேலதிகாரி கில்பாட்ரிக் அவருக்கு உத்தரவிட்டார். ஃபார்ன்ஸ்வொர்த் எதிர்த்துப் பேசினார் என்று உடனிருந்த அதிகாரி ஒருவர் பின்னர் எழுதினார். கடைசியில் அவரே முன்னே நின்று போனார், மாண்டார். வயது 25.

அவர் மறுத்திருந்தால் பதவி போயிருக்கும், வேறொருவர் அதே பாய்ச்சலை நடத்தியிருப்பார் என்று சொல்லலாம். பழி கில்பாட்ரிக்கின் மீதே என்பதில் எனக்கு ஐயமில்லை. உத்தரவை மறுப்பது எப்போது கடமையாகிறது என்பதற்குக் கடைசிப் பதிலில் வருகிறேன்.

கஸ்டர் உத்தரவை மீறித்தானே லிட்டில் பிக்ஹார்னில் சிக்கினார்?

1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரும் அவருடன் நேரடியாக இருந்த ஐந்து கம்பெனிகளும் மாண்டார்கள். அவர் உத்தரவை மீறினார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 1876 ஜூன் 22 அன்று மேலதிகாரி ஜெனரல் டெர்ரி கொடுத்த எழுத்து உத்தரவு, பூர்வகுடிகளின் தடம் லிட்டில் பிக்ஹார்ன் பக்கம் திரும்பினாலும் கஸ்டர் இன்னும் தெற்கே போய்விட்டுத் திரும்ப வேண்டும் என்ற விருப்பத்தைத் தெரிவித்தது. கஸ்டர் தடத்தைப் பின்பற்றி நேராகத் திரும்பினார். ஆனால் அதே உத்தரவில், எதிரியை நெருங்கும் நேரத்தில் உங்கள் செயலைக் கட்டிப்போடும் திட்டவட்டமான ஆணைகளைத் தர விரும்பவில்லை என்றும், போதிய காரணம் கண்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தது. லீயின் உத்தரவைப் போலவே இதுவும் இரு பக்கமும் இழுக்கத்தக்கது.

ஜூன் 26 அன்று தாக்குவதாகத்தான் கஸ்டர் எண்ணியிருந்தார். 25 காலையில், கோவேறு கழுதையிலிருந்து வழியில் விழுந்துபோன ரொட்டிப் பெட்டி ஒன்றைத் தேடிப் போன வீரர்கள், அதனருகே பூர்வகுடியினர் நிற்பதைக் கண்டார்கள். தாம் வந்திருப்பது தெரிந்துவிட்டது, இனிக் காத்திருந்தால் பூர்வகுடிகளின் கூடார ஊர் கலைந்து தப்பிவிடும் என்று கஸ்டர் முடிவு செய்தார். அன்றைய ராணுவத்தின் பெருங்கவலையே பூர்வகுடிகள் தப்பிவிடுவார்கள் என்பதுதான். எதிர்த்து நின்று அடிப்பார்கள் என்று அஞ்சியவர்கள் குறைவு. எட்டு நாள்களுக்கு முன் ரோஸ்பட் ஆற்றங்கரையில் அவர்கள் ஜெனரல் கிரூக்கைத் தாக்கி நிறுத்திய செய்தி கஸ்டரை எட்டவில்லை.

படையைத் துண்டு துண்டாகப் பிரித்தது முட்டாள்தனம் இல்லையா?

பிரிப்பது அன்றைய வழக்கமான முறை. 1868 நவம்பர் 27 அன்று வாஷிட்டா ஆற்றங்கரையில் செயென் தலைவர் பிளாக் கெட்டிலின் ஊரை அவர் நான்கு பிரிவுகளாகச் சூழ்ந்துதான் தாக்கினார். லிட்டில் பிக்ஹார்னில் சுமார் 600 பேர் கொண்ட 7ஆம் ரெஜிமென்ட்டில் ஐந்து கம்பெனிகளைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, தம் கீழிருந்த அதிகாரிகளான ரீனோவுக்கு மூன்று, பென்டீனுக்கு மூன்று, பொதிகளுக்குக் காவலாக ஒன்று என்று பிரித்தார். ஊரின் அளவையும் நிலத்தையும் தம் கண்ணால் பார்க்கும் முன்பே பிரித்தார் என்பதுதான் தவறு. குரோ, அரிகாரா பூர்வகுடிச் சாரணர்களும் வழிகாட்டி மிட்ச் பூயரும் மிகப் பெரிய ஊர் என்று எச்சரித்திருந்தார்கள். கஸ்டர் குன்றின் மேல் ஏறித் தொலைநோக்கியில் பார்த்தார், தெரியவில்லை என்றார், பழகிய கண்கள் சொன்னதை ஏற்கவில்லை. இரண்டாம் பதிலில் நான் சொன்ன, தவிர்த்திருக்கக்கூடிய அறியாமை இதுவே.

கடைசியாக அவரிடமிருந்து வந்த சீட்டு இன்றும் இருக்கிறது. குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாளில் உதவி அதிகாரி குக் அவசரமாகக் கிறுக்கியது: பென்டீன், வா, பெரிய ஊர், விரைந்து வா, பொதிகளைக் கொண்டு வா. கையெழுத்துக்குக் கீழே பொதிகளைப் பற்றி மீண்டும் ஒரு முறை, எழுத்துப் பிழையோடு. அதைக் கொண்டுபோனவர் ஆங்கிலம் அதிகம் அறியாத இத்தாலிய ஊதுகுழல்காரர் மார்ட்டீனி. விரைந்து வரவும் வேண்டும், மெதுவாக நடக்கும் கழுதைகளையும் கொண்டுவர வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்ய யாராலும் முடியாது.

ரீனோவும் பென்டீனும் கைவிட்டதால்தான் கஸ்டர் செத்தார் என்று படித்திருக்கிறேன்.

பென்டீன் விரைந்து வரவில்லை, ரீனோ குழம்பிப்போனார் என்பவை உண்மை. ஊரைத் தாக்கப் போன ரீனோவின் அருகில் நின்ற சாரணர் பிளடி நைஃப் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். அதன் பின் ரீனோவின் பின்வாங்கல் தறிகெட்ட ஓட்டமாயிற்று. பென்டீன் வந்தபோது குன்றின் மேல் காயமுற்றவர்களும் சிதறியவர்களுமாக இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டுப் போவது எளிய முடிவாக இருந்திருக்காது. 1879இல் சிகாகோவில் நடந்த விசாரணை ரீனோவைக் கண்டிக்கவில்லை. ஆனால் படையைக் காப்பாற்றியதில் அவருக்குக் கீழே இருந்த சிலரின் பங்கு அவருடையதைவிடப் பெரியது என்று பதிவு செய்தது.

இந்தக் கேள்வியில் எனக்குள்ள பெரிய வருத்தம் வேறு. சிப்பாய்கள் என்ன தவறு செய்தார்கள் என்று மட்டுமே கேட்கிறோம். அங்கே பூர்வகுடிகளான லகோட்டாக்களும் வடக்குச் செயென்களும் முடிவெடுத்தார்கள்: ரோஸ்பட்டில் காத்திருக்காமல் எதிர்கொள்வது, ரீனோவைத் துரத்திய கையோடு கஸ்டரின் பக்கம் திரும்புவது, தங்கள் பெண்களையும் குழந்தைகளையும் காக்க முன்னே நின்று அடிப்பது. அவர்களுடைய சாட்சியங்களை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் ஒதுக்கி வைத்தார்கள். 1983இல் புல் தீப்பற்றி எரிந்து வெறுமையான போர்க்களத்தில் அகழாய்வு செய்தபோது கிடைத்த தோட்டா உறைகள், அந்தச் சாட்சியங்களில் பலவற்றுக்குத் துணை நின்றன.

ஃபாரஸ்ட்தான் மிகச் சிறந்த குதிரைப்படைத் தளபதி என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறீர்களா?

போர்த்திறனில் ஒப்புக்கொள்கிறேன். 1863 மே 3 அன்று தென்படையின் நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட் அலபாமாவில் வடபடைத் தளபதி ஸ்ட்ரைட்டின் படையைச் சரணடைய வைத்தபோது, அவரிடம் இருந்தவர்கள் எதிரியில் பாதிகூட இல்லை. இரண்டே பீரங்கிகளைத் திரும்பத் திரும்ப மேட்டைச் சுற்றி ஓட்டிக் காட்டிப் பெரும்படை என்று நம்பவைத்தார். ஆனால் 1864 ஏப்ரல் 12 அன்று ஃபோர்ட் பில்லோவில் அவருடைய ஆட்கள் சரணடைய முயன்ற வீரர்களைக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தளபதியின் முடிவுகளை எடைபோடும்போது தந்திரத்தை ஒரு தட்டிலும் இதை வேறொரு பக்கத்திலும் வைக்க என்னால் இயலாது. தம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பது தளபதியின் பொறுப்பு.

உத்தரவை மறுத்த குதிரைப்படை அதிகாரி யாராவது உண்டா?

உண்டு. 1864 நவம்பர் 29 விடியலில், கொலராடோவின் சேண்ட் கிரீக் கரையில் அமைதி நாடித் தங்கியிருந்த செயென், அரப்பாஹோ மக்களின் முகாமைக் கர்னல் ஜான் சிவிங்டன் தாக்கினார். பிளாக் கெட்டில் தம் கூடாரத்தின் மேல் அமெரிக்கக் கொடியைப் பறக்கவிட்டிருந்தார். 150க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். தப்பிய பிளாக் கெட்டில், மேலே சொன்ன வாஷிட்டாவில் நான்கு ஆண்டுகள் கழித்துக் கொல்லப்பட்டார்.

அந்தக் காலையில் முதலாம் கொலராடோ குதிரைப்படையின் கேப்டன் சைலஸ் சோல் தம் கம்பெனியைச் சுடவிடவில்லை. ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு இடப்பட்ட உத்தரவு அறிவற்றது. அவருடைய ஆட்களின் உயிரைக் கேட்டது. சோலுக்கு இடப்பட்டது குற்றம். பிறர் உயிரைக் கேட்டது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் நான் கோடு கிழிக்கிறேன். அவர் மறுத்ததோடு நிற்கவில்லை. தாம் பார்த்ததைப் பெயர் சொல்லிக் கடிதத்தில் எழுதினார், 1865 தொடக்கத்தில் விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். சிவிங்டன் அதற்குள் ராணுவத்திலிருந்து விலகிவிட்டதால், அவர் மீது ராணுவ நீதிமன்றம் கை வைக்கவில்லை. சோல் அதே ஆண்டு ஏப்ரல் 23 அன்று டென்வர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 26 வயது. திருமணமாகி மாதம் ஒன்றுகூட ஆகியிருக்கவில்லை.